நகரம் எழுத வேண்டிய ஆற்றல் கணக்கு

உலகம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 30 விழுக்காடு கட்டடங்களை இயக்குவதற்கே, அதாவது விளக்கெரிக்கவும் குளிரூட்டவும் சூடேற்றவும் சமைக்கவும் நீர் ஏற்றவும் மின்தூக்கிகளை ஓட்டவுமே போய்விடுகிறது என்கிறது பன்னாட்டு ஆற்றல் முகமையின் கணக்கு. ஆற்றல் பயன்பாட்டினால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 26 விழுக்காட்டுக்கும் கட்டடங்களின் இயக்கமே காரணம். அதில் 8 விழுக்காடு கட்டடத்துக்குள்ளேயே எரிக்கப்படும் எரிவாயு, எண்ணெய் போன்றவற்றிலிருந்து நேரடியாக வருகிறது. மீதி 18 விழுக்காடு கட்டடங்களுக்காக மின்சாரமும் வெப்பமும் உற்பத்தியாகும் இடங்களில் வெளியாகிறது. புகைபோக்கியே இல்லாத ஓர் அலுவலகமும் எங்கோ ஓர் அனல்மின் நிலையம் கக்கும் புகையில் பங்கு கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். கட்டடம் கட்டுவதற்கு வேண்டிய சிமென்டும் இரும்பும் உற்பத்தியாகும்போது வெளியாகும் வாயுக்கள் இந்தக் கணக்கில் சேராதவை. அவற்றையும் சேர்த்தால் கட்டடங்களின் பங்கு இன்னும் கூடும்.

பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாடுகளின் உடன்படிக்கைகளும் ஒன்றிய அரசுகளின் கொள்கைகளுமே முன்னால் வந்து நிற்கின்றன. ஆனால் ஒரு கட்டடத்தின் வாழ்நாளில் அதனோடு அடிக்கடி தொடர்பு கொள்ளும் அரசு அமைப்பு நகராட்சியோ மாநகராட்சியோதான். வரைபடத்துக்கு அனுமதி அளிப்பதும், கட்டிமுடித்த பின் நிறைவுச் சான்று தருவதும், பரப்பளவை அளந்து சொத்துவரி விதிப்பதும், குடிநீர் இணைப்புக் கொடுப்பதும் அதன் வேலை. மின்நிலையத்தின் மீது உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த மின்சாரத்தை உறிஞ்சும் கட்டடங்கள் அத்தனையும் அதன் பதிவேட்டில் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டில் பரப்பளவுக்கும் வரித்தொகைக்கும் அருகே ஆற்றல் செலவையும் எழுதத் தொடங்கும் நகரம் உமிழ்வைக் குறைக்கும் வழியையும் கண்டுகொள்கிறது என்பதைக் கடந்த இருபதாண்டுகளில் சில பெருநகரங்கள் நடத்திக் காட்டியிருக்கின்றன.

தானாக ஏன் நடப்பதில்லை

கட்டடத்தின் ஆற்றல் செலவைக் குறைப்பதற்கான வழிமுறைகள் பெரும்பாலும் புதியவை அல்ல. கூரைக்கும் சுவருக்கும் வெப்பக் காப்பு இடுதல், வெயில் நேராக விழாதபடி சன்னலுக்கு நிழல் தருதல், பழைய விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுதல், திறன் குறைந்த குளிர்சாதனங்களையும் கொதிகலன்களையும் மாற்றுதல் ஆகிய அனைத்தும் பொறியாளர்கள் நன்கறிந்தவை. பலவற்றில் போட்ட முதல் சில ஆண்டுகளில் மின்கட்டணச் சேமிப்பாகத் திரும்பி வந்துவிடும். அப்படியிருந்தும் இவை தாமாக நடப்பதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கட்டடத்துக்குச் செலவு செய்பவரும் மின்கட்டணம் கட்டுபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது. கூரைக்குக் காப்பு போட வேண்டியவர் வீட்டுக்காரர். அதனால் குறையும் மின்கட்டணம் குடித்தனக்காரருக்குச் சேர்கிறது. ஆகவே வீட்டுக்காரருக்கு அதில் அக்கறை பிறப்பதில்லை. வாடகைக்கு இருப்பவரோ இன்னொருவருடைய கூரையில் தம் பணத்தைப் போடத் துணிவதில்லை. இரண்டாவது, தகவல் இன்மை. வாகனம் வாங்குபவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்; அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒரு குடியிருப்பையோ அலுவலகத்தையோ வாங்குபவருக்கு அதன் ஆண்டு ஆற்றல் செலவை எவரும் சொல்வதில்லை. மூன்றாவது, முதலீட்டுக்கான கடன். பத்தாண்டுகளில் சிறிது சிறிதாகத் திரும்பிவரும் சேமிப்பை நம்பி இன்று பெருந்தொகை செலவிடக் கட்டட உரிமையாளர்களும் வங்கிகளும் தயங்குகிறார்கள். இந்த மூன்று தடைகளையும் ஒரு தனிமனிதர் தம் நல்லெண்ணத்தால் தாண்டிவிட முடியாது. பொது அதிகாரம் தலையிட வேண்டிய இடம் இதுவே.

நியூயார்க்: கணக்கெடுப்பிலிருந்து உச்சவரம்பு வரை

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில், அதாவது பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்துவைக்கும் வாயுக்களில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களைச் சார்ந்தது. மக்களில் மிகப் பலர் சுரங்க ரயிலில் பயணம் செய்யும் அந்நகரில் வாகனங்களின் பங்கு ஒப்பீட்டளவில் குறைவு. குளிர்காலத்தில் சூடேற்றியாக வேண்டிய அடுக்குமாடிகளின் பங்கு மிகுதி. மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் காலத்தில், 2009-ஆம் ஆண்டில், நகர மன்றம் நான்கு உள்ளூர்ச் சட்டங்களை ஒன்றாக நிறைவேற்றியது.

அவற்றுள் அடிப்படையானது 84-ஆம் எண் சட்டம். 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடத்தின் உரிமையாளரும் ஆண்டுதோறும் அக்கட்டடத்தின் ஆற்றல், நீர் ஆகியவற்றின் பயன்பாட்டை நகரத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அந்த எண்கள் பொதுமக்களின் பார்வைக்கு வெளியிடப்படும் என்றும் அது விதித்தது. அதற்கான கணினி ஏற்பாட்டை நகரம் புதிதாகச் செய்யவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாக நடத்திவந்த ஒரு தளத்தையே பயன்படுத்திக்கொண்டது. பின்னர் 2016-இல் இந்தக் கடமை 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மற்ற மூன்று சட்டங்களில் ஒன்று, கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது ஆற்றல் விதிகளைக் கடைப்பிடிக்கச் சொன்னது. மற்றொன்று, பெரிய வணிக வளாகங்களில் விளக்குகளை மேம்படுத்தவும், வாடகைதாரர் ஒவ்வொருவரின் மின்பயன்பாடும் தனியே தெரியும்படி உள்மீட்டர் பொருத்தவும் சொன்னது. எஞ்சிய ஒன்று, பத்தாண்டுகளுக்கு ஒரு முறை ஆற்றல் தணிக்கை நடத்தி, இருக்கும் கருவிகளைச் சரிபார்த்துச் சீர்செய்ய வேண்டும் என்றது. இந்தக் கடைசிச் சட்டத்தின் அருமையைக் கட்டடப் பராமரிப்பில் ஈடுபட்டவர்கள் அறிவார்கள்: தவறான நேரத்தில் ஓடும் விசிறி, பழுதடைந்த வெப்ப உணரி, ஒரே அறையை ஒருசேரச் சூடேற்றவும் குளிரூட்டவும் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றைச் சரிசெய்வதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பழைய நியூயார்க் அடுக்குமாடிகளில் இந்தச் சீர்கேட்டைக் கண்ணாலேயே காணலாம். அடித்தளத்தில் உள்ள கொதிகலனிலிருந்து நீராவி குழாய்களின் வழியே மேலேறி அறைதோறும் இருக்கும் இரும்பு வெப்பியைச் சூடாக்குகிறது; எந்த அறைக்கு எவ்வளவு வெப்பம் என்று பிரித்துவிடும் கட்டுப்பாடு பல கட்டடங்களில் இல்லை. ஒரு மூலையில் இருப்பவர் நடுங்குவதைத் தவிர்க்கக் கொதிகலனை முழு வேகத்தில் ஓட்டினால், மறு மூலையில் இருப்பவர் புழுக்கம் தாளாமல் உறைபனிக் காலத்தில் சன்னலைத் திறந்துவைக்கிறார். வெப்பிக்கு வெப்பமறிந்து மூடும் ஒரு திருகுவால்வு பொருத்துவதும், குழாய்களுக்குக் காப்புறை சுற்றுவதும், கொதிகலன் எப்போது எரிய வேண்டும் என்பதை அறைகளின் வெப்பநிலையைக் கொண்டு முடிவு செய்வதுமே இதற்கு மருந்து. எளிய வேலைகள்தாம், ஆனால் எவராவது கட்டாயப்படுத்தும்வரை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டு வந்தவை.

கணக்கெடுப்பு எட்டாண்டுகளுக்கு மேல் நடந்த பின் நகரம் அடுத்த படிக்குச் சென்றது. 2020 முதல் பெரிய கட்டடங்கள் தங்கள் ஆற்றல் திறனுக்குக் கிடைத்த தரத்தை, பள்ளித் தேர்வு அறிக்கையைப் போல ஏ, பி, சி, டி என்ற எழுத்தாக, பொதுமக்கள் நுழையும் வாயிலருகே ஒட்டிவைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கணக்கே தராத கட்டடத்துக்குத் தோல்வியைக் குறிக்கும் எஃப். அது நடைமுறைக்கு வருமுன்பே, 2019-இல் மேயர் பில் டி பிளாசியோவின் காலத்தில் நிறைவேறிய 97-ஆம் எண் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் உமிழ்வுக்கு உச்சவரம்பு விதித்துவிட்டது. கட்டடத்தின் பயன் எது, பரப்பு எவ்வளவு என்பதைக் கொண்டு அதற்கு ஆண்டுக்கு இத்தனை டன் கரியமில வாயு என்று வரம்பு கணக்கிடப்படுகிறது. வரம்பை மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுதோறும் 268 டாலர் தண்டம் கட்ட வேண்டும். நூறு டன் மீறும் கட்டடம் ஆண்டுக்கு 26,800 டாலர் இழக்கும். அந்தத் தொகையைத் தண்டமாகக் கட்டிக்கொண்டிருப்பதைவிடக் கட்டடத்தைச் சீர்செய்வது மேல் என்று உரிமையாளர் தாமே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. வரம்பு 2024-இல் நடைமுறைக்கு வந்தது. 2030-இல் அது மிகவும் இறுகும். சட்டத்துக்குட்பட்ட கட்டடங்களின் உமிழ்வை 2030-க்குள் 40 விழுக்காடும், 2050-க்குள் 80 விழுக்காடும் குறைப்பது தொடக்கத்தில் வகுக்கப்பட்ட இலக்கு.

இச்சட்டத்துக்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. குடியிருப்போரே கூட்டாக உரிமை கொண்ட அடுக்குமாடிகளில் வாழும் நடுத்தர வருவாயினர், மாநிலத்துக்கென்று தனிப் பருவநிலைச் சட்டம் இருக்கும்போது நகரம் இப்படியொரு கட்டுப்பாட்டை விதிக்க முடியாது என்று வழக்குத் தொடுத்தனர். நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-இல் நகரத்தின் அதிகாரத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. வழக்கு ஒருபுறம் இருக்க, அவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்ததை நகரமும் உணர்ந்தே இருந்தது. குறைந்த வாடகைக் குடியிருப்புகள் பலவற்றுக்கு உச்சவரம்புக்குப் பதிலாக, மேலே கூறிய குழாய்க் காப்பு, வெப்பிக் கட்டுப்பாடு போன்ற 13 எளிய வேலைகளைச் செய்து முடித்தாலே போதும் என்ற மாற்றுவழியைச் சட்டம் திறந்துவைத்தது. உரிமையாளர்களுக்குப் பொறியியல் ஆலோசனையைக் கட்டணமின்றி வழங்கும் உதவி மையத்தையும் நகரம் நடத்துகிறது. சட்டமும் உதவியும் இரட்டை மாடுகளாகச் சேர்ந்து இழுக்காவிட்டால் இத்தகைய வண்டி நகராது.

சன்னலைக் கழற்றி மீண்டும் மாட்டிய கட்டடம்

பழைய கட்டடத்தில் எந்த அளவுக்குக் குறைக்க முடியும் என்பதற்கு அந்நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் தெளிவான சான்று. 1931-இல் கட்டி முடிக்கப்பட்ட 102 மாடிகள் கொண்ட அக்கட்டடத்தின் புதுப்பிப்பு 2009-இல் அறிவிக்கப்பட்டது. அதில் 6,514 சன்னல்கள் இருந்தன. அவற்றைத் தூக்கியெறிந்து புதியன வாங்குவதற்கு மாறாக, கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலேயே ஒரு பட்டறையை அமைத்தார்கள். ஒவ்வொரு சன்னலாகக் கழற்றி அங்கே கொண்டுவந்து, இரட்டைக் கண்ணாடியைப் பிரித்துத் துடைத்து, இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய படலத்தை இழுத்துக் கட்டி, இடைவெளியில் வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயுவை நிரப்பி, மீண்டும் அடைத்துப் பழைய இடத்திலேயே மாட்டினார்கள். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 விழுக்காடு திரும்பவும் பயன்பட்டது. ஆயிரக்கணக்கான வெப்பிகளுக்குப் பின்னால், வெப்பம் வெளிச்சுவருக்குள் போய்விடாமல் அறைக்குள் திருப்பியனுப்பும் தகடுகள் வைக்கப்பட்டன.

அந்த வேலைகளைச் செய்த வரிசைமுறை கவனத்துக்குரியது. முதலில் வெப்பம் உட்புகுவதையும் வெளியேறுவதையும் குறைத்ததால், குளிரூட்ட வேண்டிய சுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதன் விளைவாக, பெரிய புதிய குளிர்விப்பு இயந்திரங்களை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு இருந்தவற்றையே பழுதுபார்த்துக்கொள்ள முடிந்தது. இயந்திரத்தில் மிச்சமான பணம் சன்னலுக்கு ஆன செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டியது. ஆற்றல் செலவை 38 விழுக்காடும், ஆண்டுச் செலவில் 44 லட்சம் டாலரும் குறைப்பது திட்டத்தின் இலக்கு. ஒப்பந்தத்தில் உறுதியளித்த சேமிப்பை முதல் ஆண்டே அது தாண்டியது. சுமையைக் குறைத்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இந்தப் பாடம் வானளாவிய கட்டடத்துக்கு மட்டும் உரியதன்று. வெயில் காயும் கான்கிரீட் கூரையின் கீழே இரண்டு டன் ஏ.சி. வாங்கி மாட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது.

டோக்கியோவின் உச்சவரம்பு

நியூயார்க்குக்கு முன்பே கட்டட உமிழ்வுக்கு உச்சவரம்பு விதித்தது டோக்கியோ பெருநகர அரசு. அங்கும் முதலில் வந்தது கணக்கெடுப்புதான். 2002 முதல் பெரிய நிறுவனங்கள் தங்கள் உமிழ்வை அறிக்கையாகத் தரும் திட்டம் நடந்தது. அந்த அனுபவத்தின் மேல், 2010 ஏப்ரலில், உச்சவரம்பும் உரிமை வணிகமும் இணைந்த திட்டம் தொடங்கியது. அதாவது, ஒவ்வோர் அமைப்புக்கும் இவ்வளவுதான் உமிழலாம் என்று வரம்பு உண்டு. வரம்புக்கும் கீழே குறைத்தவர் தம்மிடம் மிஞ்சிய அளவை, குறைக்க இயலாமல் திணறுபவருக்கு விற்கலாம். ஆண்டுக்கு 1,500 கிலோலிட்டர் கச்சா எண்ணெய்க்கு நிகரான ஆற்றலைச் செலவிடும் ஏறத்தாழ 1,300 அமைப்புகள் இதில் அடங்கின. அவற்றுள் பெரும்பாலானவை தொழிற்சாலைகள் அல்ல, அலுவலகக் கோபுரங்கள், விடுதிகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள்.

முதல் ஐந்தாண்டில் அடிப்படை அளவிலிருந்து 6 அல்லது 8 விழுக்காடும், இரண்டாம் ஐந்தாண்டில் 15 அல்லது 17 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஐந்தாண்டு முடிந்தபோதே மொத்த உமிழ்வு 25 விழுக்காடு குறைந்திருந்தது. இதில் ஒரு பகுதி, 2011 மார்ச் மாத நிலநடுக்கத்துக்கும் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கும் பின் வந்த மின்தட்டுப்பாட்டின் விளைவு. அப்போது அலுவலகங்கள் தேவைக்கு மேல் இருந்த விளக்கொளியைக் குறைத்தன, தட்டுப்பாடு நீங்கிய பின்னும் அந்தப் பழக்கம் பெருமளவுக்கு நிலைத்தது. உரிமைகளை விற்பதும் வாங்குவதும் மிகக் குறைவாகவே நடந்தன. பெரும்பாலோர் தங்கள் கட்டடத்திலேயே குறைத்துவிட்டார்கள். வரம்பு என்று ஒன்று எழுத்தில் வந்ததும், அதுவரை எவர் பொறுப்பிலும் இல்லாத ஆற்றல் செலவு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு மேலாளரின் பொறுப்பாக மாறியதே பெரிய மாற்றம் என்று கொள்ளலாம்.

முதலில் தன் சொந்தக் கட்டடம்

பிறருக்கு விதி சொல்லும் முன் உள்ளாட்சி தன் கட்டடங்களைச் சீர்செய்ய வேண்டும் என்பது நியாயம் மட்டுமன்று, நல்ல பயிற்சியும்கூட. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 1995 முதல் இதற்கென ஒரு சுழல்நிதியை நடத்திவருகிறது. அதன் வேலை எளிமையானது. நகரப் பள்ளி ஒன்றின் விளக்குகளை மாற்றவோ கொதிகலனைச் சீர்செய்யவோ பணம் வேண்டுமானால், நகரத்தின் சுற்றுச்சூழல் துறை வட்டியின்றி அந்தத் தொகையைக் கொடுக்கிறது. வேலை முடிந்த பின் குறையும் ஆற்றல் கட்டணத்திலிருந்து அந்தப் பள்ளியை நடத்தும் துறை தொகையைத் திருப்பிச் செலுத்துகிறது. திரும்பி வந்த பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. வெளி வங்கியும் இல்லை, இலாபப் பங்கும் இல்லை. ஒரு துறையின் மூலதனச் செலவு மற்றொரு துறையின் நடைமுறைச் செலவைக் குறைக்கும்போது எவர் கணக்கில் வரவு வைப்பது என்ற, எல்லா அரசு அலுவலகங்களுக்கும் பழக்கமான சிக்கலை அந்நகரம் இப்படி அவிழ்த்துக்கொண்டது.

வெப்பநாட்டுக்குக் கூரையே முதல்

குளிர்நாட்டு நகரங்களின் போராட்டம் வெப்பத்தை உள்ளே வைத்திருப்பது. இந்தியாவின் பெரும்பகுதியில் அது வெப்பத்தை வெளியே நிறுத்துவது. ஒன்றிரண்டு மாடிகளே உள்ள வீடுகளில் வெயில் நாள் முழுதும் விழும் இடம் கூரை. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக 1,344 உயிரிழப்புகள் நேர்ந்ததை ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதன் பின் 2013-இல் அந்த மாநகராட்சி தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. 2017 முதல் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு பூசும் பணியையும் அதில் சேர்த்துக்கொண்டது. இத்தகைய குளிர்கூரை, வீட்டினுள் வெப்பநிலையை 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை குறைக்க வல்லது. குளிர்சாதனம் வாங்க இயலாதவருக்கு அது உயிர்க்காப்பு, வாங்கியவருக்கு மின்சேமிப்பு. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கையை வெளியிட்டு, அரசு, வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜமும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் எழும் வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, கட்டட அனுமதியோடு இணைத்தது.

தமிழகத்துக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்த மெட்ராஸ் டெரசும், கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கித் தட்டோடு பதிக்கும் முறையும் கூரையின் வெப்பத்தை மட்டுப்படுத்தவே பயன்பட்டன. செலவையும் நாளையும் மிச்சப்படுத்த அந்த அடுக்கைக் கைவிட்ட வீடுகளே இன்று இரவிலும் சூடு தணியாமல் கிடக்கின்றன.

இந்திய உள்ளாட்சிகளின் வாய்ப்பு

நியூயார்க்கும் டோக்கியோவும் ஏற்கெனவே கட்டப்பட்ட நகரங்கள்; அவற்றின் உழைப்பெல்லாம் பழையதைச் சீர்செய்வதில் செலவாகிறது. இந்திய நகரங்களோ இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. வரும் இருபதாண்டுகளில் நிற்கப்போகும் கட்டடங்களில் மிகப் பல இன்னும் கட்டப்படாதவை. எனவே இங்கே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் இடம் கட்டட அனுமதி வழங்கும் மேசை. அதற்கான விதிநூல்கள் ஆயத்தமாக உள்ளன. ஒன்றிய அரசின் ஆற்றல் திறன் செயலகம் வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பை 2007-இல் வெளியிட்டு 2017-இல் திருத்தியது. குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு 2018-இல் வந்தது. சுவரும் சன்னலும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே சராசரியாக 15 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடக்கூடாது என்பது அக்குடியிருப்பு விதியின் மையம். சன்னலின் பரப்பு, அதன் திசை, அதற்கு மேலுள்ள வெயில்தடுப்பு, சுவரின் பொருள் ஆகியவற்றைக் கொண்டு இதை வரைபட நிலையிலேயே கணக்கிட்டுவிடலாம். 2022-இல் ஆற்றல் சிக்கனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், பெரிய குடியிருப்பு வளாகங்களையும் விதிகளுக்குள் கொண்டுவர வழிவகுத்தது. ஆனால் மாநிலம் இவற்றை ஏற்றுத் தன் கட்டட விதிகளில் சேர்த்து, உள்ளாட்சிப் பொறியாளர் வரைபடத்தில் அதைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்ளும்வரை, விதிநூல் ஏட்டளவில்தான் இருக்கும்.

இப்படியொரு கட்டாயம் தமிழ்நாட்டில் நடக்குமா என்று ஐயுறுவோருக்கு விடை 2003-ஆம் ஆண்டில் இருக்கிறது. கடும் வறட்சிக்கு நடுவே அவ்வாண்டு வந்த அவசரச் சட்டம், புதிய கட்டடங்களுக்கு மட்டுமின்றி இருந்த கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. உள்ளாட்சிகளின் வழியே கெடு வைத்து நிறைவேற்றப்பட்ட அப்பணி, மாநிலமெங்கும் வீட்டுக் கூரைகளின் குழாய்களைத் தரைக்குத் திருப்பியது. ஒரு பொதுநலனுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் மாற்றச் சொல்லும் ஆற்றல் இந்த மாநிலத்து உள்ளாட்சிகளுக்கு உண்டு என்பதை அது மெய்ப்பித்தது. அதன் குறையும் பாடமே: அமைத்ததைக் கண்ட அதிகாரி மறு ஆண்டு வந்து பார்க்காததால், பல இடங்களில் அந்தத் தொட்டிகள் தூர்ந்துபோயின. ஆற்றலில் இந்தத் தவறு நேராமல் காக்க வல்லது ஆண்டுதோறும் தொடரும் கணக்கே.

அக்கணக்கைத் தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். கட்டடத்தின் சொத்துவரி விதிப்பு எண்ணும் அதன் மின் இணைப்பு எண்களும் ஒரே பதிவில் சேர்ந்தால், ஆண்டு மின்நுகர்வைப் பரப்பளவால் வகுத்துச் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று அறிந்துவிடலாம். ஆயிரம் சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் அலுவலகம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் யூனிட் செலவிட்டால் அதன் ஆற்றல் செறிவு 150. அதே ஊரில் அதே வகை அலுவலகம் 90-இல் இயங்குமானால், முன்னதில் எங்கோ கசிவு இருக்கிறது என்று எவரும் சொல்லிவிடலாம். மின்விவரம் மின்பகிர்மான நிறுவனத்திடமும் பரப்பளவு உள்ளாட்சியிடமும் பிரிந்து கிடப்பதே இன்றுள்ள தடை. மாநில அரசு ஓர் ஆணையால் அதை நீக்க முடியும். தனிமனிதரின் வீட்டு மின்கணக்கை வெளியிடத் தேவையில்லை. பெரிய அலுவலகம், விடுதி, வணிக வளாகம், தனியார் மருத்துவமனை, கல்லூரி ஆகியவற்றோடு தொடங்கினால் போதும். சிறிய வீடுகளுக்கும் ஏழைக் குடியிருப்புகளுக்கும் உள்ளாட்சி தண்டத்தோடு போகக்கூடாது. வெண்பூச்சோடும் நல்ல கூரையோடும் போக வேண்டும், ஏனெனில் அங்கே மின்செலவைக் குறைப்பதைவிட முந்திய கடமை வெப்பத்தின் கொடுமையைக் குறைப்பது.

இந்நகரங்களின் அனுபவம் காட்டும் வரிசை ஒன்றுதான்: முதலில் கணக்கு, பிறகு அதன் வெளியீடு, அதனோடு தன் சொந்தக் கட்டடங்களில் முன்மாதிரி, இயலாதோருக்கு உதவி, இறுதியில் எல்லோருக்கும் வரம்பு. நியூயார்க் கணக்கெடுப்பிலிருந்து வரம்புச் சட்டத்தை எட்டப் பத்தாண்டுகள் ஆயின, டோக்கியோவுக்கு எட்டாண்டுகள். இன்று கட்டப்படும் ஒரு கட்டடம் ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்கும். அதன் கூரையிலும் சன்னலிலும் இன்று செய்யும் பிழையை இன்று பிறக்கும் குழந்தை நடுவயது வரை மின்கட்டணமாகக் கட்டிக்கொண்டிருக்கும். அரையாண்டுதோறும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரி கேட்டுச் சீட்டு அனுப்பும் திறன் கொண்ட நிர்வாகத்துக்கு அதன் ஆற்றலைக் கணக்கிடும் திறன் இல்லாமற் போகாது. தன் பள்ளிகள், மருத்துவமனைகள், நீரேற்று நிலையங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றின் ஆண்டு மின்நுகர்வைப் பரப்பளவோடு சேர்த்து மக்கள் முன் வெளியிடுவதே ஒரு மாநகராட்சி எடுத்துவைக்கத்தக்க முதல் அடி. அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.